சாதாரண தரச் சங்கீதம்: குரல் இருந்தும் ஏன் புள்ளி போகிறது?

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. இந்த முறையும் அதே பேச்சுத்தான்: "நல்லாப் பாடுற பிள்ளைக்கு பி, சும்மா பாடுற பிள்ளைக்கு ஏ." பரீட்சகரைத் திட்டி முடித்தவர்கள் கொஞ்சம் இதையும் கேளுங்கள். செயன்முறையில், அதாவது பரீட்சகர் முன் பாடிக்காட்டும் பகுதியில், நல்ல குரல்கள் சறுக்குவது பெரும்பாலும் தாளத்தில். மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்துப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் இது கூடுதலாக நடக்கிறது. அங்கே தாளத்தை மிருதங்கக்காரரோ தபேலாக்காரரோ பார்த்துக்கொள்வார், பாடுகிறவரின் கை சும்மா கிடக்கும். பரீட்சகரின் மேசைக்கு முன்னால் அந்த மனிதர் வரமாட்டார், தாளத்தை நீங்களேதான் கையால் போட வேண்டும்.

சரளி வரிசை, அதாவது சுரங்களை ஏறி இறங்கிப் பாடும் முதல் பயிற்சி, சின்ன வகுப்பில் படித்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் சரளியில் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து 16 சுரம், ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் (தாள எண்ணிக்கை). முதலாம் காலத்தில் (முதல் வேகத்தில்) அட்சரத்துக்கு ஒரு சுரம் என்பதால் 2 ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று). இரண்டாம் காலத்தில் 1 ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு 4 சுரம், அரை ஆவர்த்தனத்திலேயே வரி முடிந்துவிடும். கை அப்போது லகுவை (ஒரு தட்டும் விரல் எண்ணலும்) முடித்து முதல் துருதத்துக்கு (ஒரு தட்டு, ஒரு வீச்சு) போகிற நேரம். அங்கேயே வாயை மூடினால் தாளம் அந்தரத்தில் நிற்கும். வரியை இன்னொரு தடவை பாடி, தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்துக்கு வந்துதான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது கையின் வேகம். காலம் கூடும்போது சுரங்கள்தான் நெருங்கும், கை முதலில் விழுந்தபடியே விழ வேண்டும். முதலாம் காலத்தை உற்சாகமாக வேகத்தில் எடுத்துவிட்டால் மூன்றாம் காலம் நாக்கில் நிற்காது, கை தானாகவே பின்வாங்கும். இதற்கு ஒரே வழி, பின்னுக்கிருந்து வருவது. மூன்றாம் காலத்தைத் தெளிவாகப் பாட முடிகிற கை வேகத்தை முதலில் பிடியுங்கள். அதே கையை விடாமல் இரண்டாம் காலம், பிறகு முதலாம் காலம். முதலாம் காலம் சோம்பலாகத் தெரியும், தெரியட்டும். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கீர்த்தனை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அலங்காரத்தில், அதாவது ஏழு தாளங்களில் அமைந்த சுரப் பயிற்சிகளில், மாட்டுகிற இடங்கள் (கீழே 4, 5, 7 என்பவை லகு, 2 துருதம், 1 அனுதுருதம்):

- துருவ தாளமும் அட தாளமும் 14 அட்சரம். ஆனால் துருவம் 4+2+4+4, அட 5+5+2+2. மொத்தத்தை மட்டும் பாடமாக்கியவர்களின் கை இங்கே தடுமாறும்.
- மட்டியமும் ஜம்பையும் 10. மட்டியம் 4+2+4, ஜம்பை 7+1+2. ஜம்பையின் லகுவில் தட்டிய பின் சின்ன விரலில் தொடங்கிப் பெருவிரல் வரை போய், மறுபடி சின்ன விரலுக்கு வந்தால்தான் 7. அதற்குப் பிறகு வரும் அனுதுருதத்துக்கு ஒரு தட்டு மட்டுமே, வீச்சு இல்லை.
- ரூபகம் 2+4. கீர்த்தனைகளில் இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று சுருக்கிப் போடும் பழக்கத்தை அலங்காரத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

சுருதி. உங்கள் கட்டை, அதாவது நீங்கள் பாடும் ஆதார சுருதி, எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். பெண் பிள்ளைகள் பலருக்கு 5, 5½ ஒத்துவரும். பையன்களுக்குக் குரல் உடைகிற வயது இது. தரம் 9இல் பாடிய கட்டை தரம் 11இல் பொருந்தாது, 1 அல்லது 1½க்கு இறங்கியிருக்கும். மந்தர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி 'ப') தார காந்தாரமும் (மேல் ஸ்தாயி 'க') சிரமமில்லாமல் கிடைக்கிற இடமே உங்கள் கட்டை. தொலைபேசித் தம்புராவில் மட்டும் பழகாதீர்கள், பரீட்சைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. குளிர் காலையில் மேல் ஸ்தாயியில் தொடங்கினால் தொண்டை கட்டும். கீழே ஒரு பத்து நிமிடம் 'ஆ' என்று அகாரம் பிடித்துவிட்டு ஏறுங்கள்.

எழுத்து வினாத்தாளில் ஒரு பொறி மட்டும் சொல்கிறேன். கடபயாதி முறையில் (ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு உரிய எண்களைத் திருப்பிப் போடும் முறை) மேள இலக்கம் (தாய் ராகத்தின் எண்) கண்டுபிடிப்பதை நம் எழுத்தை வைத்துச் செய்யாதீர்கள். வடமொழியில் நாலு ககரம், நமக்கு ஒன்று. கரகரப்பிரியாவின் முதல் எழுத்து அங்கே இரண்டாவது ககரம், அதாவது 2; அடுத்த 'ர'வும் 2, அதனால் 22. நம்முடைய 'க'வை 1 என்று எடுத்தால் 21 வரும், அது கீரவாணி. தீரசங்கராபரணத்தின் 'த' அங்கே 9, அதனால் 29. 'த'வை 6 என்று எடுத்தால் 26, அது சாருகேசி. பிழையான விடையும் உண்மையான ஒரு ராகத்தின் இலக்கமாகவே இருப்பதால் சந்தேகமே வராது. பாடத்திட்டத்தில் உள்ள மேளங்களை இலக்கத்தோடு மனனம் செய்வதே பத்திரம்.

மேடை விஷயம். காலைக் கூட்டத்துத் தேவாரம் சுருதிக்கு நல்லது. ஆனால் பல பாடசாலைகளில் அதைத் தாளமில்லாமல் விருத்தம் போல இழுத்துப் பாடுவார்கள், கைக்குப் பயிற்சி கிடைக்காது. வாணி விழாவிலும் தமிழ்மொழித் தினப் போட்டியிலும் தனி இசைக்குப் பெயர் கொடுங்கள். குழுப் பாட்டில் பக்கத்துப் பிள்ளையின் தாளத்தில் ஒளிந்துகொள்ளலாம், தனியில் முடியாது. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குத் தோற்ற வாய்ப்பிருந்தால் விடாதீர்கள், அந்நியர் முன் பாடிக் கூச்சம் தெளியும். மிருதங்கம் கிடைக்கிற பாடசாலை என்றால் ஒரு எச்சரிக்கை: பனிமூட்டத்தில் தோல் ஈரம் இழுத்துத் தளரும், முதல்நாள் சேர்த்த சுருதி காலையில் இறங்கியிருக்கும். மண்டபத்துக்கு வந்த பிறகு சேர்ப்பதுதான் கணக்கு.

உயர்தரத்திலும் சங்கீதம் எடுத்து பல்கலைக்கழகத்தில் இசை படிக்க யாழ்ப்பாணத்து இராமநாதன் பக்கமோ மட்டக்களப்பு விபுலானந்தர் பக்கமோ போக நினைப்பவர்கள், இசெட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) மட்டும் போதுமென்று இருக்காதீர்கள். அங்கேயும் செயன்முறைத் தேர்வு உண்டு, அங்கேயும் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.