தண்ணீரும் துருவும்: தனியே தங்க ஒரு கடலோர ஊரைத் தேர்ந்தெடுத்த விதம்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அமைதியான கடற்கரை ஊர் ஒன்றைத் தேடுவதில் ஒரு வசதி உண்டு. எந்த ஊருக்குப் போகக் கூடாது என்பதை வீட்டு வாசலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை இரவானால் பெங்களூரிலிருந்து வரும் கார்கள் எங்கள் ஊரில் சென்னைச் சாலையை விட்டுப் பிரிந்து, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே கார்கள் அதே வழியாகத் திரும்பிச் சுங்கச்சாவடியில் வரிசை கட்டுகின்றன. எங்கள் ஊரைக் கடக்கும்போதே இத்தனை சத்தம் போடும் கூட்டம், போய்ச் சேரும் இடத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் புதுச்சேரியை முதலிலேயே விலக்கிவிட்டேன். வாரக் கடைசிக்கென்றே ஆகிவிட்ட மாமல்லபுரத்தையும் கோவளத்தையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

விருப்ப ஓய்வு பெற்ற பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு கடலோர ஊரில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று கேட்கும் உறவினர்களிடம், மூட்டு வலிக்குக் கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் ஐம்பதைக் கடந்த ஒரு பெண் காரணமின்றித் தனியே போகிறாள் என்பதைவிட, மூட்டு வலிக்காகப் போகிறாள் என்பது எல்லோருக்கும் சுலபமாகச் செரிக்கிறது.

ஊரைத் தேர்வதற்கு முன் மாதத்தைத் தேர்ந்தேன். கிழக்குக் கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. புயலும் பெரும்பாலும் அப்போதுதான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டியதையும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலருகே போக முடியாத அளவுக்கு அலை எழும். கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அந்நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறிதளவு மீனுக்கு விலை ஏறிவிடும், வெயிலும் உச்சத்தில் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆக மிஞ்சுவது பொங்கல் கழிந்ததிலிருந்து பங்குனி வரையிலான காலம். பள்ளிகளில் தேர்வு நெருங்குவதால் குடும்பங்கள் வெளியே கிளம்பாத பருவம் அது என்பது கூடுதல் லாபம்.

மேற்குக் கரையிலிருக்கும் கோகர்ணத்தையும் வர்க்கலாவையும் நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னடம் ஓரளவு வாயில் வரும் என்பதால் கோகர்ணத்தில் மொழிச் சிக்கல் இருந்திருக்காது. ஆனால் எனக்குத் தோதான அந்த மாதங்கள்தாம் அவ்விரண்டு ஊர்களுக்கும் சீசன் என்பதால் இரண்டையும் விட்டேன். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கும் வாய்ப்பு இதனால் போயிற்று. அதிகாலையில் எழும் பழக்கம் இருப்பதால் உதயம் போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்து ரயில் முடிவு செய்தது. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது; தருமபுரிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். தருமபுரி வழியாக இரவில் தெற்கே இறங்கும் மைசூர் ரயில்களில் ஒன்று மயிலாடுதுறைப் பக்கமும் மற்றொன்று தூத்துக்குடிக்கும் போகின்றன. நடுவில் மாறாமல், பெட்டியை இறக்கி ஏற்றாமல் தனியாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் இந்த இரண்டு ரயில்கள் சென்று சேரும் கரைகளில்தான் தேட வேண்டும். அப்படித்தான் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடும், மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடியும் பட்டியலில் நின்றன. இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தேன்.

பார்க்கப் போனபோது நான் கடற்கரையை முதலில் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் கறைபட்டவர்களையும், வயதான காலத்தில் எலும்பு இறுகி முதுகு நிமிர முடியாமல் போனவர்களையும் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. எனவே புது ஊர் எதுவானாலும், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே எங்கள் முதல் கேள்வி.

கடலோரத்தில் அந்தக் கேள்விக்கு வேறு விதமான பதில் கிடைக்கிறது. மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் திருச்செந்தூரில் கடலுக்குச் சில எட்டுகள் தள்ளி நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் மெலிந்து, அடியிலிருக்கும் உப்பு ஏறிவருகிறது. நல்ல நீரின் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் உயரக்கூடும் என்பது நிலநீரியலின் பாடக் கணக்கு. ஆகவே கடலோர வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போதாது. திறந்த கிணறா, போரா, பங்குனியில் எப்படி இருக்கும் என்றும் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் கையோடு ஒரு பிடி துவரம்பருப்பும் ஒரு சோப்புக் கட்டியும் கொண்டுபோயிருந்தேன். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீரில் இரண்டு மாதம் தள்ள முடியாது.

மணப்பாடு மனத்தைக் கவ்வும் ஊர் என்பதில் சந்தேகமில்லை. கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் மேடும், அதன் மேல் திருச்சிலுவைக் கோவிலும், 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், உள்ளே வளைந்து கிடக்கும் உப்பங்கழியும் வேறெங்கும் ஒன்றாகக் கிடைக்காதவை. செப்டம்பர் 14-ஐ ஒட்டிய திருவிழாவையும், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தின் தசராவையும் தவிர்த்துவிட்டால் ஊரில் இரைச்சல் என்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று கரை முழுவதும் படகுகள் ஓய்ந்து கிடக்கின்றன. மீன் வேண்டுமென்றால் சனிக்கிழமையே வாங்கிக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் பொரித்துத் தரும் ஜிலேபி மீனைத் தின்று வளர்ந்த என் நாக்குக்கு, அங்கே தின்ற பாறை மீன் குழம்பு ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இருந்தும் மணப்பாட்டைத் தேர்வு செய்யவில்லை. அங்கே எனக்குக் காட்டிய வீடு கடலைப் பார்த்த மாடி வீடு. உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். நான் ஜன்னல் கீல்களைப் பார்த்தேன். கீலின் இரும்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து, விரலால் தொட்டதும் செம்பொடியாக உதிர்ந்தது. மின்விசிறியின் ஆணிகளும், குளிர்பெட்டியின் அடித்தகடும், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளும் அதே நிலையில்தான் இருந்தன. காற்றில் ஈரமில்லாத மேட்டு நிலத்தில் வாழ்கிறவர்களுக்குத் துரு இத்தனை வேகமாகத் தின்னும் என்பது நேரில் பார்த்தால்தான் புரியும். பூட்டினால் திறக்குமா என்று உறுதியில்லாத தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒற்றை ஆளாகப் படுக்க எனக்குத் துணிவில்லை. மருந்தோ மருத்துவரோ வேண்டுமென்றால் திருச்செந்தூர் போக வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. துணைக்கு ஆளிருந்தால் இவை எதுவும் பொருட்டில்லை. தனியாகத் தங்குகிறவர்கள் கணக்கிட்டே ஆக வேண்டும்.

தரங்கம்பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவையும், அவருடைய அச்சுக்கூடத்தில் 1715-இல் நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறார்கள். அங்கே ஓசோன் காற்று வீசுகிறது என்பதையும் தவறாமல் சேர்க்கிறார்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால்தான் நமக்கு நன்மை. மூச்சில் ஏறினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பது பள்ளிப் பாடம். அங்கே வீசுவது உப்புக் காற்றுதான், அதுவே போதும்.

நீண்ட நாள் தங்க அந்த ஊரை ஏற்றதாக்குவது அதன் பழம்பெருமையன்று. 1845-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு துறைமுகம் என்ற மவுசை இழந்துவிட்ட இந்த ஊர், அதற்குப் பிறகு யாரையும் வரவேற்க வேண்டும் என்ற அவசரமின்றித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்; பலர் பக்கத்துத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து, சாப்பாடு முடிந்ததும் எட்டிப் பார்க்கிறவர்கள். அதனால் முகூர்த்த நாளில் மட்டும் பிற்பகலில் கோட்டைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். காய்கறிக்கும் பெரிய கடைகளுக்கும் பொறையார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்குக் காரைக்கால் அருகிலேயே உண்டு. ஒகேனக்கல்லில் எங்கள் பக்கத்தைத் தொட்டு இறங்கும் காவிரி, சற்று வடக்கே பூம்புகாரில்தான் கடலில் சேர்கிறது. அங்கே வந்து சேரும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

கடலின் இன்னொரு முகத்தையும் அந்த ஊர் மறைப்பதில்லை. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோவிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அதனால் வீடு பார்க்கும்போது, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி தண்ணீர் எதுவரை வந்தது என்று தயங்காமல் கேட்டேன். கேட்பது அநாகரிகமோ என்று முதலில் தோன்றியது. வீட்டுக்காரரின் தாயார், எண்பதை நெருங்கும் ஆயா, சிறிதும் முகம் சுளிக்காமல் தெருமுனைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். “இந்தத் திண்ணை வரைக்கும் வந்துச்சும்மா. நம்ம வீடு மேடு. ஆனா வாடைக் காத்து அடிக்கிறப்ப ஜன்னலத் தொறந்து வைக்காதீங்க, எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்” என்றார். கடலில் எங்கே இறங்கலாம் என்று கேட்டதற்கு, முழங்காலுக்கு மேல் எங்கேயும் வேண்டாம், இழுப்பு எந்தப் பக்கம் மாறுகிறது என்று படகுக்காரர்களுக்கே சில நாள் பிடிபடாது என்றார். கையில் சான்றிதழ் வைத்திருக்கும் எந்த வழிகாட்டியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அது ஓட்டு வீடு. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கதவின் கீல்கள் பித்தளை. கொல்லையில் உறைக் கிணறு. அதன் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைத்தது. ஆயாவின் அடுப்பிலேயே வேகவைத்த பருப்பும் மசிந்தது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம். என்னுடைய சோதனைகளை ஆயா சிரிப்போடு பார்த்துவிட்டு, தன்னுடைய சோதனையைத் தொடங்கினார். “எந்த ஊரும்மா நீங்க? மாம்பழத்து ஊரா? கூட யாரும் வரலியா? பிள்ளைங்க என்ன பண்றாங்க?” தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில் அவர்களுக்கும் தயக்கம் இருக்கும் என்பதை எதிர்பார்த்தே போனதால், கேள்விகள் எனக்குச் சலிப்பூட்டவில்லை. ஆதார் நகலும், தம்பியின் தொலைபேசி எண்ணும், போன ஊர்களிலெல்லாம் யாரும் கேட்காத ரேஷன் அட்டை நகலும் கொடுத்தேன். இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது நிபந்தனை. லாட்ஜில் தங்கினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நான் வெளியே வராத நாளில் கதவைத் தட்டிப் பார்க்கவும் அங்கே ஆள் இல்லை. பூட்டிய கேட்டையே விரும்பினேன்.

பங்குனி முற்றினால் கிணறு கொஞ்சம் உவர்க்கும் என்று ஆயாவே சொன்னதால் வாடகையை மாதக் கணக்கில்தான் பேசியிருக்கிறேன். ஒரு மாத முன்பணம் கொடுத்தாயிற்று. எப்படியும் எங்கள் மாந்தோப்பில் காய் இறங்கும் முன் குத்தகைப் பேச்சுக்கு நான் ஊரில் இருந்தாக வேண்டும் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், போவதற்கான டிக்கெட் மட்டும் இப்போது கையில் இருக்கிறது. திரும்புவதற்கு அங்கிருந்தே போட்டுக்கொள்ள வேண்டும்.