கேஷ்பேக்குக்கு வந்தவர்கள் தங்கவில்லை

மதுரையில் கடை கடையாக ஏறி, போனில் பணம் செலுத்துவதற்கான கியூஆர் அட்டை ஒட்டுவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் பயிற்சி முழுக்கக் கேஷ்பேக் புராணம். பத்து ரூபாய் திரும்பக் கிடைத்தால் ஜனங்கள் ஓடி வருவார்கள் என்றார்கள். வந்தார்கள்தான், சலுகை நின்றதும் செயலியைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். 2016 நவம்பரில் 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போனபோது வேறு வழியில்லாமல் வாலட்டில், அதாவது முன்கூட்டியே காசு போட்டு வைத்துச் செலவழிக்கும் செயலியில், பணம் ஏற்றியவர்களிலும், ஏடிஎம்மில் காசு வர ஆரம்பித்ததும் கைக்காசுக்கே திரும்பியவர்கள் நிறைய.

மாட்டுத்தாவணியில் பூ விற்கும் ஒரு அக்கா அப்போதே கேட்டார், "என் காசை முன்கூட்டியே அவன்கிட்ட எதுக்கு தம்பி போட்டு வைக்கணும்?" நியாயமான கேள்வி. யுபிஐ வந்து, பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்க, வேண்டியபோது மட்டும் போகும் என்றான பிறகுதான் அவர் அட்டையை ஒட்ட விட்டார். அப்புறமும் கூட்ட நேரத்தில் அதைத் துணியால் மூடிவிடுவார். கை முழுக்க ஈரம், போனை எடுத்துப் பணம் வந்ததா என்று பார்க்க முடியாது, பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடப்பவர்கள் வேறு. சத்தமாகத் தொகையைச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியை வைத்த பிறகு துணி போயிற்று. இப்போது சரத்தை முழம் போட்டுக்கொண்டே காதால் கேட்டுக்கொள்கிறார். வாங்க வருபவர்களுக்கும் அதுவே தைரியம், 'இங்கே வாங்குவார்களா' என்று கேட்கவே வேண்டியதில்லை. கடைக்காரர் தயங்காத தெருவில் வாடிக்கையாளரும் தயங்குவதில்லை, நான் பார்த்தவரை விளம்பரத்தைவிட இதற்குத்தான் வலு அதிகம்.

பெரியவர்களின் பயம் வேறு மாதிரி. பணம் நடுவில் மாட்டிக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது? ஒருமுறை அப்படி மாட்டினால் அந்த வீட்டில் மூன்று பேராவது விலகிவிடுகிறார்கள். கடைக்குப் போய்ச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதி போட்டிருக்கிறது. இதை எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நான் இப்போது அட்டை ஒட்டும்போதே சொல்லிவிடுகிறேன், கடைக்காரருக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்து. சேமிப்புக் கணக்கை இணைக்கவே பயப்படுகிறவர்களிடம், சின்னத் தொகை போட்ட தனிக் கணக்கு ஒன்றை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அப்படிச் சொன்னால் பலர் சரி என்கிறார்கள்.