மீதி ஐந்து பாகங்கள்: 30,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் பிசி

2 செப்டம்பர் 2024, திங்கள்

கையில் இருப்பவை: ரைசன் 5 5600 பிராசசர், ஒரு பி550எம் மதர்போர்டு, 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. வாங்க வேண்டியவை ரேம், எஸ்எஸ்டி (டிஸ்க்), எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட், மானிட்டர். மீதிப் பணம் 30,000 ரூபாய். கீபோர்டு, மவுஸ் பழசே போதும்.

பணத்தைப் பிரிக்க ஒரே அளவுகோல்தான்: அடுத்த மெஷினுக்கு எது கூட வரும்? இந்த போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2022-லேயே ஏஎம்டி புது சாக்கெட்டுக்கும் (ஏஎம்5) டிடிஆர்5 ரேமுக்கும் போய்விட்டது. இந்த போர்டில் பின்னாளில் ஒரு 5700எக்ஸ்3டி பிராசசர் போடலாம், அதோடு சரி. டிடிஆர்4 ரேமை அடுத்த போர்டில் செருக முடியாது. நல்ல எஸ்எம்பிஎஸ், கேபினெட், எஸ்எஸ்டி, மானிட்டர் நாலும் அப்படியில்லை, போர்டு மாறினாலும் அவை நிற்கும். அதனால் ரேமில் கையை இறுக்கி, மற்றதில் கொஞ்சம் தளர்த்தலாம்.

உத்தேசம்: ரேம் 3,500, எஸ்எஸ்டி 6,000, எஸ்எம்பிஎஸ் 4,500, கேபினெட் 4,000, மானிட்டர் 10,000. மிச்சம் 2,000 இப்போதைக்குச் சும்மா கிடக்கட்டும்.

4 செப்டம்பர், புதன்

ரேம். 8 ஜிபி குச்சி இரண்டு, வேகம் 3200, தாமத எண் சிஎல்16. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் கடையில் ஏமாற இரண்டு இடம் இருக்கிறது.

முதலாவது சிஎல் எண். பெட்டியில் 3200 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், சிஎல் சின்னதாக ஓரத்தில் இருக்கும். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. ஹீட் சிங்க் இல்லாத பச்சைக் குச்சிகள் பெரும்பாலும் இந்த சிஎல்22 ரகம்தான். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 3600-க்குக் கூடுதலாகக் கேட்டால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது, "ஒரே 16 ஜிபி குச்சியா வாங்குங்க சார், அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்ற யோசனை. ஒற்றைக் குச்சியில் மெமரி அகலம் விநாடிக்கு 25.6 ஜிபி, இரட்டையில் 51.2. சராசரி எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு வரும் படங்கள்) விடக் குறைந்தபட்ச எஃப்பிஎஸ்தான் இதில் அதிகம் அடிவாங்கும். அதாவது சண்டை சூடாகும் நேரத்தில் திக்கும்.

7 செப்டம்பர், சனி

விநாயகர் சதுர்த்தி. கடைக்குப் போகும் நாளில்லை, ஸ்பெக் ஷீட் படிக்கும் நாள்.

எஸ்எஸ்டியில் 500 ஜிபி இனி காணாது. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. 1 டிபி என்று விற்பது விண்டோஸில் 931 என்றுதான் தெரியும். அது குறைபாடல்ல, எண்ணும் முறை வேறு.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். விநாடிக்கு, பழைய சாட்டா இணைப்பில் 550 எம்பி, புதிய என்விஎம்இ இணைப்பில் ஜென்3 (மூன்றாம் தலைமுறை) 3500, ஜென்4 7000 வரை. கேம் லோடிங்கில் ஜென்3-க்கும் ஜென்4-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு விநாடிதான். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப் டிஎல்சியா (செல்லுக்கு 3 பிட்) கியூஎல்சியா (4 பிட்) என்பது. கியூஎல்சியில் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் எழுதும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழும். டிஸ்க் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்போது 80 ஜிபி கேம் ஒன்றைக் காப்பி செய்தால் அது கண்ணுக்கே தெரியும்.

இரண்டு பெயரை ஒப்பிட்டேன், இரண்டுக்கும் 5 வருட வாரண்டி. குரூஷியல் பி3 பிளஸ் 1 டிபி கியூஎல்சி, மொத்தமாக எழுத உத்தரவாதம் 220 டிபி. டபிள்யூடி எஸ்என்580 1 டிபி டிஎல்சி, 600 டிபி. இரண்டிலும் தனி டிராம் (ரேம்) சிப் கிடையாது, கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். கேமுக்கு அது பொருட்டில்லை. விலையில் சில நூறு ரூபாய்தான் இடைவெளி. எஸ்என்580.

போர்டில் எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 இடம் உண்டு. பிராசசருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஜென்4. கீழே உள்ளது சிப்செட் வழியாக ஜென்3. பல பி550 போர்டுகளில் கீழிடத்தில் எஸ்எஸ்டி செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

10 செப்டம்பர், செவ்வாய்

எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் பிசியில் எல்லோரும் கை வைக்கும் இடம், கை வைக்கவே கூடாத இடம்.

வாட் கணக்கு முதலில். 5600 அதிகபட்சம் 76 வாட் எடுக்கும். ஆர்எக்ஸ் 6600 முழுக்கார்டுக்கு 132. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு தாராளமாக 50. மொத்தம் 258. கிராபிக்ஸ் கார்டு சில மில்லிசெகண்டுக்கு இதைவிட நிறைய இழுக்கும், அதையும் சேர்த்தால்கூட யோக்கியமான 450 வாட் தாங்கும். 550 எடுப்பது அடுத்த கார்டை நினைத்து.

யோக்கியம் என்பது பக்கவாட்டு ஸ்டிக்கரில் தெரியும். பெட்டியின் முன்பக்க எண்ணை விட்டுவிட்டு, ஸ்டிக்கரில் +12வி கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 550 என்று சொல்வதில் 45 ஆம்பியர் இருந்தால் 540 வாட், சரி. கேபினெட்டோடு ஓசியாக வரும் '450'-இல் 16 ஆம்பியர் என்று இருந்தால் உண்மையில் அது 192 வாட். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் லைன்களைக் கூட்டிக்காட்டும் அலங்காரம். அதில் கேம் ஓட்டினால் லோடு ஏறும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும், எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுவார்கள்.

பெட்டியில் போடும் 80 பிளஸ் ப்ரோன்ஸ் (வெண்கலத் தரம்) என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதன் அளவு மட்டும்: 115 வோல்ட் சோதனையில் 20, 50, 100 சதவீத லோடுகளில் திறன் 82, 85, 82 சதவீதம். பாதுகாப்புக்கு அது சான்றிதழ் இல்லை. ஷார்ட், அதிக வோல்டேஜ், அதிக லோடு, அதிகச் சூடு ஆகியவற்றுக்கு கட்-ஆஃப் உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வாரண்டி 5 வருடம் கொடுக்கிறார்களா என்பது நல்ல அடையாளம்.

யூபிஎஸ் வேண்டுமா? வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்து, கேம் ஓடும்போதுள்ள 300 வாட்டைத் தாங்கினால் தனி யூபிஎஸ் தேவையில்லை. ஆனால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ள வேண்டும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் பிசி அணைந்துவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது. யூபிஎஸ்தான் வாங்க வேண்டும் என்றால் 600 விஏ ரகம் 360 வாட்தான், மானிட்டரையும் சேர்த்தால் விளிம்பில் நிற்கும். 1100 விஏ எடுக்கலாம்.

இங்கே இன்வெர்ட்டர் இருக்கிறது. அந்தச் செலவு இல்லை.

12 செப்டம்பர், வியாழன்

கேபினெட். முன்பக்கம் மெஷ். கண்ணாடி முகம் வைத்து உள்ளே மூன்று வண்ண விளக்கு ஃபேன் கொடுப்பவை பார்க்க ஜோர், காற்று நுழைய வழியில்லை. அறையே 33 டிகிரி இருக்கும் ஊரில் அது வேண்டாத வேலை. அதோடு அந்த ஃபேன்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் வயரில் நேராக ஓடும், ஒரே வேகம், போர்டால் கட்டுப்படுத்த முடியாது. போர்டில் மாட்டும் 4 பின் ஃபேன்தான் வேண்டும்: முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி ஏறாது, ஃபில்டரில்தான் தங்கும்.

அளவு மூன்று: மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மிமீ சதுரம், கார்டின் நீளம், கூலர் உயரம். இன்றைக்கு பிராசசரோடு வந்த கூலர் 54 மிமீதான், என்றாலும் 160 மிமீ இடம் இருக்கும் கேபினெட்டாக எடுத்தால் பின்னால் டவர் கூலர் போட வழி திறந்திருக்கும்.

மானிட்டர் சுருக்கமாக: 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ் அல்லது மேலே, ஃப்ரீசிங்க் (திரையைக் கார்டின் வேகத்தோடு இசைய வைப்பது). ஆர்எக்ஸ் 6600 1080பி கார்டு, 1440பிக்கு ஆசைப்பட்டால் கார்டையும் மாற்ற வேண்டி வரும். ஐபிஎஸ்ஸுக்குப் பதிலாக வரும் மலிவு விஏ ரகப் பேனலில் இருட்டுக் காட்சிகளில் நிழல் இழுபடும்.

14 செப்டம்பர், சனி

சென்னை ரிச்சி தெரு, கணினிக் கடைகள். ரேம் 3,350, எஸ்எஸ்டி 5,900, எஸ்எம்பிஎஸ் 4,300, கேபினெட் 3,800, மானிட்டர் 10,400. மொத்தம் 27,750, எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து.

பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வாரண்டிக்குப் போகும் நாளில் தேதியோடு பில் கேட்பார்கள், அன்றைக்கு இந்தக் குறைத்த காசு உதவாது. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் ஏறியிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் பொருளின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பார்த்துவிட வேண்டும். மானிட்டரை அங்கேயே ஓட்டி, கறுப்புத் திரையும் வெள்ளைத் திரையும் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

பூட்டும் வரிசை: போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கூலர். அதற்குப் பிறகுதான் கேபினெட்டுக்குள். ரேம் நாலு இடம் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது.

உடன் வந்த கூலருக்கு சாக்கெட்டின் இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய மறுநொடி போர்டின் அடியில் உள்ள இரும்புத் தகடு தொப்பென்று விழும், அதைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று வீதம் இறுக்க வேண்டும். ஒரே மூலையை முழுக்க இறுக்கினால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

பிராசசருக்குப் போகும் 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்குப் போகும் 8 பின் 6+2 ஆகப் பிரியும். பலவந்தமாகச் செருகினால் மாறிப்போய் எரியும். மானிட்டர் கேபிள் கார்டில்தான். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் மாட்டினால் கறுப்புத்திரைதான் வரும்.

ஆன் செய்யும் முன் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்: எஃப்ஏடி32 பென் டிரைவ், கையேட்டில் சொன்ன பெயருக்கு ஃபைலை மாற்றி, ஃப்ளாஷ் என்று குறித்த போர்ட்டில் செருகி பட்டனை அழுத்தினால் போதும், 24 பின்னும் 8 பின்னும் மட்டும் மாட்டியிருந்தாலே நடக்கும். விளக்கு மின்னி முடியும்வரை தொடக்கூடாது. பழைய பயாஸில் எஃப்டிபிஎம் (பிராசசரின் பாதுகாப்பு அம்சம்) ஆன் செய்தால் அவ்வப்போது ஒரு விக்கல் வரும். அது சரியானது, பயாஸுக்குள் ஏஎம்டி தரும் பகுதியான அஜீசா 1.2.0.7-இல்.

முதல் முறை திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், ரேம் பழகும் நேரம் அது. பதறிப்போய் ஆஃப் செய்ய வேண்டாம். போர்டில் டிராம் விளக்கு நின்றே எரிந்தால்தான் குச்சியைக் கழற்றி மறுபடி அழுத்தணும்.

விண்டோஸ் போடும் முன்பே பயாஸில் மூன்று வேலை: எக்ஸ்எம்பி (ரேம் முழு வேகத்தில் ஓட) ஆன், சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப், ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் அணுக) ஆன். சிஎஸ்எம்மை அப்படியே விட்டு விண்டோஸ் போட்டால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்புக்குப் போய்விடும், பிறகு அணைத்தால் பூட் ஆகாது. எக்ஸ்எம்பி போட்டதற்கு டாஸ்க் மேனேஜரில் 3200 தெரிய வேண்டும். வேறு சில மென்பொருளில் 1600 என்று காட்டும், அதுவும் சரியே. அது பாதி எண். ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, நாலு சுற்று. பிழை பூஜ்யம்.

17 செப்டம்பர், செவ்வாய்

அறை 33 டிகிரி. சினிபெஞ்ச் ஆர்23 லோடு சோதனை பத்து நிமிடம்: பிராசசர் 87 டிகிரி, எல்லை 90. கேமில் 76. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்தச் சின்ன ஃபேன் முழு வேகத்தில் கத்துகிறது. சும்மா கிடந்த பணத்துக்கு வேலை வந்தது: டீப்கூல் ஏஜி400 டவர் கூலர், 1,900 ரூபாய், உயரம் 150 மிமீ. ஏஎம்5-க்கும் பொருந்தும் என்பதால் நம் அளவுகோலிலும் தேறுகிறது.

பழைய கூலரைக் கழற்றுவதில்தான் சூட்சுமம். ஏஎம்4-இல் கால்கள் பிராசசரில் இருக்கின்றன, 1331 மெல்லிய ஊசிகள். பேஸ்ட் இறுகியிருக்கும்போது நேராகத் தூக்கினால் சாக்கெட் லீவர் மூடியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், ஊசி மடங்கும். பத்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். பேஸ்ட் வழுக்குவது கைக்குத் தெரியும். அதன் பிறகே தூக்கணும்.

அதே சோதனை, ஏஜி400-இல் 71. பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 15 வைத்ததும் 68. மைனஸ் 25-இல் சும்மா இருக்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனது. லோடில் நிலைத்தாலும் லோடு இல்லாதபோது விழுவதுதான் இந்தச் செட்டிங்கின் குணம், எனவே 15-க்கே திரும்பியாயிற்று.

மானிட்டர் பெட்டியில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் இருந்தது, அதில் 144 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. மீதி 350 ரூபாயில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். மாட்டிய பிறகும் விண்டோஸ் 60-இல்தான் நிற்கும்: செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் மாறும்.