ட்ரோம்சோ – லாங்யியர்பியன்: பறப்பது ஒன்றே முக்கால் மணி நேரம், தயாராக வேண்டியது அதற்கு முன்னால்

வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போக நினைக்கிற பலரும் முதலில் மலைப்பது தூரத்தைப் பார்த்துத்தான். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் வட நார்வேக்கும் அந்தத் தீவுகளுக்கும் நடுவே ஒரு பெருங்கடல் கிடப்பதுபோல் தெரியும். அந்த வகை வரைபடங்கள் துருவப் பக்கம் போகப் போக எல்லாவற்றையும் மூன்று, நான்கு மடங்கு இழுத்துக் காட்டுபவை. அதனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வட நார்வேயின் ட்ரோம்சோ விமான நிலையம் 69.7 டிகிரி வடக்கில், ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியன் 78.2 டிகிரியில். தீர்க்கரேகை வித்தியாசம் மூன்றரை டிகிரிதான். அவ்வளவு வடக்கே தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் அது கணக்கில் பெரிதாக ஏறாது. கிட்டத்தட்ட நேர் வடக்கே போகிற பயணம். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வைத்து எட்டரையால் பெருக்கினால் 945-க்குப் பக்கத்தில் வரும். சரியான தூரம் சுமார் 960. சென்னையிலிருந்து மும்பை போவதைவிடக் குறைவு! ஜெட் விமானத்தில் ஒன்றரை மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையான வேலை விசாவில்தான். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஷெங்கன் பகுதியில் சேராது. 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தால் அதற்குத் தனி நிலை உண்டு; அங்கே தங்குவதற்கு யாருக்கும் விசா தேவையில்லை. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டோடு நார்வே வழியாகத்தானே போகவேண்டும்? ட்ரோம்சோவில் ஏறும்போது ஷெங்கனைவிட்டு வெளியேறுகிறோம், திரும்பி இறங்கும்போது மறுபடி நுழைகிறோம். ஒற்றை நுழைவு விசா இருந்தால் போன இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். அதனால் விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவு கேட்டேன். ஸ்வால்பார்ட் போக வர எடுத்த டிக்கெட்டையும் தங்கும் இடத்தின் முன்பதிவையும் சேர்த்து வைத்தேன். விசா கைக்கு வந்ததும் முதலில் பார்த்தது நுழைவு எண்ணிக்கையைத்தான். நீங்களும் அதைப் பாருங்கள்.

ஓஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகப் போகும் விமானத்தில் வந்தால், ட்ரோம்சோவில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து, மறுபடி ஏறவேண்டும். நார்வேக்காரர்களும் அடையாளச் சான்றைக் காட்டியாக வேண்டும். நான் ட்ரோம்சோவிலேயே ஏறினேன். வரிசையில் நிற்பதற்கென்று நேரம் ஒதுக்கி முன்கூட்டியே போய்விட்டதால் பதற்றமில்லை.

பாதி வழியில், 74 டிகிரிக்குச் சற்று மேலே, பியர் தீவு இருக்கிறது. மேகம் மூடியிருந்ததால் எனக்குக் கண்ணில் படவில்லை. ஆனால் லாங்யியர்பியனை ஒட்டிய ஐஸ்ஃபியோர்டு என்ற கடற்கழிப் பக்கம் இறங்கும்போது மேகம் விலகியது. ஜூன் மாதம், இரவு நேரம், முழு வெயில், வரிவரியாகப் பனி படிந்த தட்டை மலைகள். ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. 1975-இல் திறந்த லாங்யியர்பியன் விமான நிலையத்தின் ஓடுபாதை, ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைநிலத்தின் மேல் போட்டது. அடியில் மண் இளகி அசைவதால் அடிக்கடி செப்பனிடுகிறார்கள்.

வெளியே ஊருக்குப் போகப் பேருந்து நிற்கும், அதிலேயே ஏறிவிடுங்கள். சில கிலோமீட்டர்தானே என்று நடக்க வேண்டாம். குடியிருப்பைத் தாண்டினாலே பனிக்கரடி எச்சரிக்கை தொடங்கிவிடும். திரும்பும்போது காற்றாலோ மூடுபனியாலோ விமானம் தள்ளிப்போகலாம். அடுத்த விமானத்தை அதே நாளில் வைக்காமல் ட்ரோம்சோவில் ஓர் இரவு தங்குவதுபோல் டிக்கெட் எடுப்பது நல்லது.