400 பீச் மரங்கள்

மே 25, 2024

மகளுக்குப் பள்ளி விடுமுறை. இன்று அவளைக் கூட்டிக்கொண்டு பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போய் வந்தேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரில் குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது. முக்கால் மணி நேரத் தூரம்தான், இதுவரை போனதில்லை.

டேனியல் ஃப்ரீமன் என்ற விவசாயியின் நிலம் அது. 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலத்தில் 160 ஏக்கர் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா. சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு தாண்டியதுமே பிரவுன்வில் நில அலுவலகத்தில் ஃப்ரீமன் விண்ணப்பம் கொடுத்துவிட்டார். ராணுவ வேலைக்குத் திரும்பும் அவசரத்தில், புத்தாண்டு விருந்துக்கு வந்திருந்த அலுவலக ஆளைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்தார் என்று சொல்கிறார்கள். அன்று ஒரே நாளில் 418 பேர் பதிந்திருக்கிறார்கள். முதல் ஆள் என்ற பெயர் இவருக்கு வந்தது.

எல்லோரும் இந்த நள்ளிரவுக் கதையைத்தான் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 36. செத்தபோது 82. நடுவில் இருக்கும் வருஷங்கள்தான் எனக்கு வேண்டும்.

ஜூன் 2

பட்டாவுக்காக 1868 ஜனவரியில் கொடுத்த சாட்சிப் பத்திரத்தைப் படித்தேன். இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தது. வீடு பாதி மரக்கட்டை, பாதி பலகை. 14 அடிக்கு 20 அடி, ஒரே தளம். இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. குடியிருக்க வசதியான வீடு என்றும் ஒரு வரி. உழுது வேலி போட்டுப் பயிர் செய்தது சுமார் 35 ஏக்கர். லாயம், 100 அடி நீளத்துக்கு ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளப் பட்டறை. அப்புறம் 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம்.

நானூறு! அந்த எண்ணிலேயே நின்றுவிட்டேன். ஐந்து வருஷக் கெடுவுக்கு இத்தனை மரம் தேவையில்லை. வீடும் கொஞ்சம் உழவும் போதும்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, தண்ணிக்கு என்ன வழி?"

கப் க்ரீக் என்று ஒரு ஓடை நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது என்றேன்.

"அப்பச் சரி. ஓடையைப் பார்த்துட்டுத்தான் இடம் புடிச்சிருக்காரு. மரத்தை இத்தனை வெச்சிருக்காருன்னா பட்டா வாங்கி விக்கிற நெனப்பு இல்ல."

பட்டா 1869 செப்டம்பரில் வந்தது. அவர் விற்கவில்லை.

ஜூன் 16

ஆக்னஸ் சூட்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது. அயோவாவின் லெக்ளேர் ஊர்ப் பெண். டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயம் செய்யப்பட்டவள். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோனான். அண்ணன் அவளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். கடிதத்திலேயே பேசிப் பழகி, கடிதத்திலேயே கேட்டு, 1865 பிப்ரவரியில் கல்யாணம். நெப்ராஸ்கா எப்படி இருக்கும் என்று அவளுக்கு அந்தக் கடிதங்கள் மூலம்தான் தெரிந்திருக்கும்.

பூங்காவில் ஒரு பழைய மர வீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வேறொரு குடும்பம் 1867-ல் கட்டியது, 14 அடிக்கு 16 அடி. போன மாதம் மகள் அதை அடி அடியாக அளந்தாள். "அம்மா, நம்ம ஹாலை விடச் சின்னது" என்றாள். அந்த வீட்டில் பத்துப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஃப்ரீமன் வீடு அதைவிட நாலடிதான் நீளம். அதற்குள் சமையல், பிரசவம், காய்ச்சல், சண்டை, எல்லாம். டேனியல் மருத்துவம் படித்தவர், நோய்நொடிக்கு வெளியாட்களும் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 11

1899. ஃப்ரீமனுக்கு வயது 73. ஊர்ப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பாட்டும் பாட வைக்கிறார். அரசுப் பள்ளியில் இது கூடாது என்று ஃப்ரீமன் சொன்னார். பள்ளி நிர்வாகம் கேட்கவில்லை. வழக்குப் போட்டார், கீழ்க் கோர்ட்டில் தோற்றார், மேலே போனார். 1902 அக்டோபரில் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

சின்ன ஊர் அது. வழக்குப் போட்ட மறுநாளும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அக்டோபர் 12

மறுபடி போனேன், தனியாக. தெற்கு எல்லையில் ஓசேஜ் ஆரஞ்சு மர வேலி நிற்கிறது. முள்கம்பி வருவதற்கு முன்னால் இதுதான் வேலி, நம் பக்கத்துக் கிளுவை வேலி மாதிரி. கீழே பச்சையாக, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, மாதுளை அளவுக்குக் காய்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். கையில் பால் பிசுபிசுவென்று ஒட்டியது, வீடு வரும்வரை போகவில்லை.

இன்று மனதைப் பிசைந்தது வேறு ஒன்று. அவர் உழுத வயல் இப்போது இல்லை. 1936-ல் இடத்தை அரசு நினைவிடமாக்கியது. 1939 முதல் அந்த வயலில் மறுபடி பழைய புல்லையே வளர்த்திருக்கிறார்கள். பெரிய நீலத்தண்டுப் புல், இந்த மாதத்தில் செம்புநிறமாகி ஆளை மறைக்கிறது. வேர் பாய்போலப் பின்னிக் கிடக்கும் இந்தத் தரையைக் கிழிக்கத்தான் முதல் வருஷங்களில் அவர் பாடுபட்டார். அவர் நினைவாக அதே புல்லை நட்டிருக்கிறார்கள். பாதையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், கோபம் மாதிரி ஒன்று வந்தது.

அப்புறம் அடங்கியது. ஃப்ரீமன் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1854-ல், ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு இந்தப் பக்கத்து நிலத்தை வாங்கிக்கொண்டது. பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டு மட்டும் அவர்களுக்கு விட்டுவைத்தார்கள். 1881-ல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாகி, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். அந்த வண்டிகள் போன வருஷம் ஃப்ரீமன் இங்கேதான் இருந்தார், சொந்தப் பட்டாவோடு. அந்தப் புல்லை அவருக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். பீச் மரங்களை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் இனி நினைக்க முடியும்.

டிசம்பர் 30

டேனியல் ஃப்ரீமன் 1908-ல் இதே நாளில் இறந்தார். புதைத்தது அவருடைய நிலத்திலேயே, கிழக்குப் பக்க மேட்டில். ஆக்னஸ் இன்னும் 22 வருஷம் இருந்து 1931-ல் போய்ச் சேர்ந்தாள். பக்கத்திலேயே இடம்.

மகளும் வந்தாள். காற்று காதை அறுத்தது. அங்கிருந்து பார்த்தால் ஓடையோர மரங்களும் காய்ந்த புல்லும் தெரிகின்றன. பீச் மரம் எதையும் நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே நடு ராத்திரி, ஆனாலும் தூங்காமல் காத்திருந்தார். கல்லறையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பக்கத்துல அந்தம்மாவா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "போனைக் கொஞ்சம் கீழ காட்டும்மா. மண்ணு எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

பாதையோரமாக வந்து குனிந்து, கையுறையைக் கழற்றிப் புல்லை விலக்கினேன். மகள் போனைக் கிட்டே பிடித்தாள்.

"நல்ல கருப்பா இருக்கே" என்றார் அப்பா.