இரவு ஏழரைக்கு என்ன வழி?

கொழும்பில் கூரைச் சோலார் பூட்டப் போகிறவர்களிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, கரண்ட் போனாலும் இது வேலை செய்யும்தானே?" செய்யாது என்றதும் முகம் சுருங்கிவிடும். உச்சி வெயில், கூரை நிறையப் பெனல், வீட்டுக்குள் ஃபேன் ஓடவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் பெனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சாதாரண இன்வேர்ட்டருக்குத் தனியே பாடத் தெரியாது. லைனில் ஓடும் 50 ஹேர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 50 தடவை அடிக்கும் தாளத்துக்கு, பக்கப்பாட்டு மட்டும்தான் பாடும். லைன் செத்தால் அதுவும் உடனே வாயை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மனுஷனுக்குக் கீழிருந்து கரண்ட் ஏறிவிடும்.

மின்சாரத்துக்கு நிலக்கரியா வெயிலா என்ற சண்டை இந்த இடத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது. ஒரு யூனிட் என்ன விலை என்பதை வைத்தே எல்லோரும் வாதாடுகிறார்கள். அந்தத் தாளத்தை வைத்திருக்கும் முன்பாட்டை யார் பாடுவது என்று கேட்பவர்கள் குறைவு.

இங்கே அதைப் பாடுவதில் பெரிய பங்கு நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துக்கு. 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது, 2014இல் மூன்றும் முடிந்தன. நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும் அந்த இரும்பின் பாரம், எங்கோ ஒரு லைன் விழுந்தால் மீடிறன், அதாவது அந்த 50 ஹேர்ட்ஸ், சட்டென்று சரியாமல் சில விநாடி தாங்கிப் பிடிக்கும். நீர்மின் நிலையங்கள் தண்ணீரைக் கூட்டித் திறந்து ஈடுகொடுக்க அந்த விநாடிகள் வேண்டும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். கிழமையைக் கவனித்தவர்கள் கொஞ்சப்பேர். ஞாயிறு, காலை பதினொரு மணி தாண்டிய நேரம்: தொழிற்சாலைகள் மூடியிருந்தன, வெயில் கொட்டியது, சோலாரே நிறையக் கொடுத்ததால் சுற்றும் இரும்பு குறைவு. அதே குரங்கு ஒரு புதன்கிழமை மாலை பாய்ந்திருந்தால் கதை வேறாகவும் போயிருக்கலாம். அப்படி நின்றுபோன நிலக்கரி இயந்திரம் சுவிட்ச் போட்டதும் எழும்பாது. கொதிகலனை எண்ணெய் எரித்துச் சூடேற்றி, சுழலியின் இரும்பு சமமாக விரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது அதனால்தான். அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டதற்கும் காரணம் அதே நிலைமைதான்: பாவனை குறைவு, வெயில் அதிகம். நிலக்கரி இயந்திரத்தின் உற்பத்தியையோ ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. இறக்கினால் நெருப்பு நிலையாக நிற்காது.

கூரையிலும் இதன் குட்டி வடிவம் உண்டு. "பன்னிரண்டு மணிக்கு இன்வேர்ட்டர் நிற்குது, கொஞ்சத்தில திரும்ப வருது, மறுபடி நிற்குது" என்ற முறைப்பாடு வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளில் சாதாரணம். வீட்டுக்காரர் இன்வேர்ட்டர் பழுது என்பார். பெரும்பாலும் பழுது வயரில். 5 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 அம்பியர். மொட்டைமாடியிலிருந்து மீற்றர் பெட்டிக்கு 30 மீற்றர் தூரத்தை 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் இழுத்தால், போக வர 60 மீற்றரில் இன்வேர்ட்டர் பக்கம் 6 வோல்ட் ஏறிவிடும். 10 சதுர மில்லிமீற்றரில் அது இரண்டரைக்குள் அடங்கும். இங்கே 230க்கு மேலே 6 வீதம், அதாவது 244 வோல்ட் வரைதான் அனுமதி. இரவில் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்கும் வோல்ட் போதட்டும் என்று ட்ரான்ஸ்போமரை உயர்த்தி வைத்திருந்தால், நடுப்பகலில் லைனே 240இல் நிற்கும். அதோடு உங்கள் 6ஐக் கூட்டுங்கள்: 246, எல்லை தாண்டியதும் இன்வேர்ட்டர் தானே நின்றுவிடும். கொட்டேஷனில் பெனலின் பிராண்டைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். வயரின் தடிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் நிலக்கரிக்கு வக்காலத்து அல்ல. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்குள் வருடத்துக்கானதை இறக்கிக் குவிக்க வேண்டும். குவித்த கரி உள்ளுக்குள்ளேயே சூடேறும். காற்றடித்தால் தூசி பக்கத்து ஊர்களுக்கு. வாங்க டொலர் வேண்டும். சம்பூர் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதும், புதிய நிலக்கரி நிலையம் இல்லை என்று 2021இல் இலங்கை மற்ற நாடுகளோடு சேர்ந்து சொன்னதும் சரியான முடிவுகளே. இருப்பதை எந்த ஒழுங்கில் விடுவது என்பதுதான் கேள்வி.

ஏழரை என்றால் நம்மாட்களுக்குச் சனி நினைவு வரும், மின்சாரக்காரருக்கும் அப்படித்தான். மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சநேரக் கட்டணம். பெனல் அப்போது சும்மா கண்ணாடி. ஒரு 300 மெகாவாட் இயந்திரத்தை மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை பற்றரியால் ஈடுகட்ட 36 இலட்சம் யூனிட் வேண்டும். 5 யூனிட் பிடிக்கும் வீட்டுப் பற்றரி 7,20,000க்குச் சமம். உச்சநேர நாலு மணிநேரத்துக்கு மட்டும் என்றால் 12 இலட்சம் யூனிட். அதற்கே முதலில் கை நீட்டலாம். என் கணக்கில் பற்றரி முதலில் தள்ள வேண்டியது மாலையில் எரியும் டீசலையும் உலை எண்ணெயையும். காற்றாலை பெருகி, மகா ஓயாவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் (மிஞ்சும் கரண்டில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது) போன்றவை வந்த பிறகு, நுரைச்சோலையை ஒவ்வொரு இயந்திரமாக விடலாம். சம்பூர் சோலாரும் மன்னார் காற்றாலையும் தனியே அந்த வேலையைச் செய்யாது.

வீட்டுக்கு இன்று வாங்குகிறவர் ஹைபிரிட் இன்வேர்ட்டராகவே வாங்கட்டும். பற்றரியைப் பிறகு சேர்க்கலாம், சேர்த்துவிட்டால் லைன் போனாலும் அது தனியே பாடும். ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், லைட், றூட்டர் எல்லாம் சேர்ந்து சராசரி 500 வாட் என்றால், நாலு மணிநேரத்துக்கு இரண்டு யூனிட்தான். கேத்திலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் மட்டும் பற்றரியில் ஓடும் பிளக்கில் போடாதீர்கள்.