ஏ.சி. இருக்கிறது என்று சொல்லாதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் லாஸ்பேட்டை, ஒருவர் நெய்வேலி, மூன்றாமவர் செம்மண்டலத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மூவரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கினார்கள்: "எங்கள் வீட்டில் ஏ.சி. இருக்கிறது, அந்த ஹஸ்கியை எங்களுக்குக் கொடுங்கள்." ஹஸ்கி பனி நாட்டு நாய் இனம்; ஏ.சி. இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மூவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். செம்மண்டலத்துக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெருவில் கிடந்த நாய்க்கு இத்தனை கேள்வியா?" என்றார். தெருவில் கிடந்ததால்தான் கேட்கிறேன். மறுபடியும் அது தெருவுக்கு வந்துவிடக் கூடாது.

இப்போது என்னிடம் இருப்பவனை ஐப்பசியில் கன்னியக்கோவில் பக்கம் ஒரு பெட்டிக்கடை வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான்கு வயது இருக்கலாம். அவனுக்கு வீடு தேடுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹஸ்கி என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக அதே மேசை. விசைப்படகுகளுக்கு எங்களிடமிருந்து ஐஸ் பார் போகும். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரக் கேன்களைத் தூக்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பார் வழுக்கிக்கொண்டு பலகையில் இறங்கும். உருகும் தண்ணீர் ஒரு சிமெண்ட் வாய்க்கால் வழியாகப் பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் தேங்கும்.

2024 மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். பார் இறக்கும் பையன் ஓடி வந்து, "அக்கா, வாய்க்காலில் நரி படுத்திருக்கிறது" என்றான். போய்ப் பார்த்தேன். வாய்க்காலின் அகலத்துக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு, வயிறு முழுவதும் தண்ணீரில் பட, நான்கு கால்களையும் தவளை மாதிரி விரித்துப் படுத்திருந்தது. நாக்கு ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது. ஒரு கண் பழுப்பு, ஒரு கண் நீலம். முதுகில் மயிர் குட்டையாக, திட்டுத்திட்டாக, பாதி அழிந்த கோலம் போல இருந்தது. நான் பக்கத்தில் போனதும் வாலைக்கூட அசைக்கவில்லை. தண்ணீரை விட்டு எழுப்பிவிடுவேனோ என்ற பயம் மட்டும் அந்த முகத்தில் இருந்தது.

பையன்கள் அன்போடு ஐஸை உடைத்துக் கொண்டுவந்து முதுகில் கொட்டப் போனார்கள். நல்ல வேளையாக அதற்குள் கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்துவிட்டேன். "ஐஸை மேலே கொட்டாதீர்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள்" என்றார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாக்கிலிருக்கும் ஈரம் காற்றில் உலர்ந்தால்தான் அது நடக்கும். நம் கடற்கரைக் காற்றிலோ துவைத்த புடவையே மெதுவாகத்தான் காய்கிறது. வெயில் ஒரு பங்கு என்றால் இந்தப் புழுக்கம் இரண்டு பங்கு.

அன்று மாலை மருத்துவர் வந்து பார்த்தார். எடை பதின்மூன்றரைக் கிலோ. வளர்ந்த பெட்டை ஹஸ்கி பதினாறிலிருந்து இருபத்து மூன்று கிலோவரை இருக்க வேண்டும். விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். ஒரு நாளும் தவறக் கூடாது என்றார்; தவறவில்லை.

மயிர் அப்படி இருந்ததற்குக் காரணம் நோய் அல்ல. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ மொட்டை அடித்திருக்கிறார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு மயிர். உள்ளே பஞ்சு, வெளியே நீண்ட முடி. பஞ்சு குளிரைத் தடுக்கும், வெளிமுடி வெயிலைத் தடுக்கும். அதை மழித்துவிட்டால் நேரடி வெயில் தோலில் விழும். வளரும்போதும் பஞ்சுதான் முதலில் முளைக்கும். மேல்முடி சில நாய்களுக்குப் பழையபடி வருவதே இல்லை. செய்ய வேண்டியது சீவுவது மட்டும்தான். வருடத்தில் இரண்டு முறை பஞ்சு மொத்தமாகக் கழன்று வரும். நரியம்மாவை முதன்முதலாக நன்றாகச் சீவிய நாள் நினைவிருக்கிறது. சீப்பை இழுக்க இழுக்க, முற்றிய இலவங்காய் வெடித்தது போல வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. ஒரு சிமெண்டுச் சாக்கு நிறைந்துவிட்டது. அவளோ கண்ணை மூடிக்கொண்டு, சீவாத பக்கத்தை என் முழங்காலில் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கம்பெனியில் தொட்டியை நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால் காய்ந்தது. அன்று சாயங்காலமே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தரையில் நனைத்த சாக்கு, ஒரு ஸ்டாண்ட் ஃபேன், மண்பானையில் தண்ணீர். காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். தார் சாலையில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அவள் பாதத்துக்கும் சுடும் அல்லவா?

அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஈர மணலில் கால் பட்டதும் அந்த நோஞ்சான் உடம்பு நீண்டு தாழ்ந்தது. கழுத்து முன்னே போனது. கயிற்றில் ஒரே இழு. விளையாட்டு இல்லை அது, வேலை. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் இது. கனமில்லாத சுமையோடு, களைக்காமல், வெகுதூரம் ஓடுவதற்காகவே வந்த உடம்பு. அந்த உடம்பை வாங்கி ஏ.சி. அறையில் இருபத்து மூன்று மணி நேரம் பூட்டி வைத்தால் சூடு போய்விடும். ஓட்டம் எங்கே போகும்? சோபாவைக் கிழிக்கும், கதவைப் பிராண்டும், இரவெல்லாம் ஊளையிடும். பிறகு ஒருநாள் யாராவது பெட்டிக்கடை வாசலில் கட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படி விட்டுவிட்டுப் போவது குற்றம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். நரியம்மாவின் மாத்திரை ஒரு வாரத்துக்கே அதைவிட அதிகம் ஆனது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத அயல் இனங்களின் பட்டியலில் ஹஸ்கியையும் சேர்த்திருந்தார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு ஆட்சி. ஏற்கெனவே பிறந்துவிட்டவற்றுக்குப் பட்டியலால் பயனும் இல்லை.

முதல் வீடு தவறிப்போனது. தவறு என்னுடையது. ஏப்ரல் கடைசியில், மீன் ஏற்றும் சிறிய வண்டியில் இரவோடு இரவாகக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து வந்திருந்தேன். அதைச் செய்யாமல் எந்தப் பெட்டையையும் நான் கொடுப்பதில்லை. கேட்டு வருபவர்களில் பாதிப் பேரின் முதல் கேள்வியே "குட்டி போடுமா?" என்பதுதான், போடாது என்றதும் போனை வைத்துவிடுவார்கள். வில்லியனூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அப்படிக் கேட்கவில்லை. தோட்டம் இருந்தது, நல்ல மனிதர்கள், குழந்தைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. மே 6-ஆம் தேதி விட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் கோழி உண்டா என்று கேட்க மறந்தேன்.

நான்காம் நாள் கேட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போய் மூன்று கோழிகளைப் பிடித்துவிட்டாள். பிறகு சங்கிலி. சங்கிலி போட்டதும் ஊளை. ஊளை கேட்டதும் தெருவே வாசலில். ஒன்பதாம் நாள், அக்னி நட்சத்திர வெயிலில், அந்த வீட்டுக்காரர் அவளைக் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விட்டார். கோழிக்காரருக்குப் பணமும் கொடுத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்னப் பிராணி ஓடினால் துரத்துவது ஹஸ்கியின் பிறவிக் குணம். அதைச் சொல்லாமல் கொடுத்தது நான்.

அதன் பிறகுதான் கேள்விகள் நீண்டன. சுவர் ஆறடி இருக்கிறதா? கேட்டுக்கு அடியில் மண்ணா, சிமெண்டா? கோழி, ஆடு, பூனை பக்கத்தில் உண்டா? மயிர் சோற்றில் விழுந்தால் வீட்டில் யார் கோபிப்பார்கள்? காவலுக்கு வேண்டுமென்றால் வேண்டாம். திருடன் வந்தாலும் இவள் வரவேற்பாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: விடியுமுன் இவளோடு ஓடப்போவது யார்? வீட்டில் யாராவது ஓடுவார்கள் என்று சொன்னால் போதாது. ஆளைக் காட்ட வேண்டும்.

ஆளைக் காட்டினார் எங்கள் வண்டி ஓட்டும் அண்ணன். அவர் மகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியர், ஓய்வுபெற்றுப் பாகூரில் இருக்கிறார். தினமும் காலை நாலரைக்குப் பாகூர் ஏரிக்கரையில் ஓடுபவர். ஜூன் மாதம் தம் மனைவியோடு ஸ்கூட்டரில் வந்தார். நீலக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்ததும் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவாள் அம்மா?" எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவர் மனைவி கேட்டது மயிரைப் பற்றி. சாக்கை எடுத்துக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "திண்ணையில் வைத்துச் சீவினால் போயிற்று" என்றார். பதினைந்து நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு போய், சுவரில் மூன்று வரிசை கல் ஏற்றி, கேட்டுக்கு அடியில் கான்கிரீட் போட்டுவிட்டுத்தான் மறுபடி வந்தார்கள். ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, அவளை அழைத்துப் போனார்கள்.

நான் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு கதையை ஆசிரியர் பிடித்துக்கொண்டார். 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து ரயிலில் நெனானாவரை வந்தது. அதற்கப்பால் ரயில் இல்லை, பனிதான். இருபது வண்டிக்காரர்களும் சுமார் நூற்றைம்பது நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் நீண்ட தூரத்தை ஓடியது செப்பாலா என்ற வண்டிக்காரரின் நாய் டோகோ. மருந்தை எதிர்கொள்ளப் போய்த் திரும்பியது சேர்த்து 420 கிலோமீட்டருக்கு மேல். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையும் பெருகி வந்தது. பாகூர்ப் பக்கம் வெள்ளம் என்றார்கள். அவர் போன் இரண்டு நாள் அடிக்கவே இல்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. தண்ணீர் வடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தெருவெல்லாம் சேறு. வீட்டுத் திண்ணையில் தண்ணீர் ஏறிய கோடு தெரிந்தது. நரியம்மா மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து என் கையை முகர்ந்தாள். ஐஸ் கம்பெனி வாசனை அதில் எப்போதும் இருக்கும். பிறகு என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பத்தொன்பது கிலோ.

ஆசிரியர் உள்ளே போய் நீள அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்தார். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறார். நவம்பர் 30-க்கு நேரே: "புயல். ஓட்டம் இல்லை. இரவு முழுதும் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள்." அதற்கு முந்தின நாளோடு ஒரு கோடு போட்டு, கூட்டுத்தொகை 912 என்று எழுதியிருந்தார். நான் கணக்கெழுதுகிறவள். அவர் காப்பி கொண்டுவருவதற்குள் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். சரியாக இருந்தது. முதல் பக்கத்தின் தலைப்பில் சிவப்பு மையால் "நோம் – 1085" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

இன்னும் 173 கிலோமீட்டர். ஏரிக்கரை காய்ந்ததும் தொடங்குவார்களாம்.